சம்பு முன்னே, மண்புழு பின்னே: கழிவுக் கசடும் குமரி மாவட்டமும்

இடவப்பாதி மழை, அதாவது வைகாசி நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, பிடித்த இரண்டாவது வாரத்தில், கல்குளம் வட்டாரத்தில் உறவினர் ஒருவரின் விளைக்குள் (வீட்டைச் சுற்றிய தோட்டத்துக்குள்) செப்டிக் டேங்க் லாரி வந்து நின்றது. மூடுபலகையை நெம்பித் திறந்ததும், விளிம்புவரை தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. குழாயைக் கையில் வைத்துக்கொண்டே ஓட்டுநர் சொன்னார்: "அண்ணே, மேல நிக்கிறது பூரா மழத்தண்ணியும் ஊத்துத்தண்ணியும்தான். இத உறிஞ்சினா நாளைக்கே திரும்ப நெறஞ்சிரும். அடியில கெடக்குறதுதான் சரக்கு." கழிவுநீர்ப் பொறியியலின் முதல் பாடத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். தண்ணீரைத் தூய்மைப்படுத்துவது பற்றித்தான் நாம் ஓயாமல் பேசுகிறோம். உண்மையில் யாருக்கும் வேண்டாததாய் எஞ்சி நிற்பது அடியில் கிடக்கும் அந்தச் சரக்கு.

கசடு என்று அதைச் சொல்கிறோம். செப்டிக் டேங்கின் அடியில் தங்குவதும், பாதாளச் சாக்கடையின் சுத்திகரிப்பு நிலையத்தில் படிவதும் தன்மையில் சிற்சில வேறுபாடுகள் கொண்டவை என்றாலும், இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: பார்வைக்குக் குழம்பாகத் தெரிந்தாலும் அதில் 95 முதல் 99 சதவீதம்வரை தண்ணீர்தான். லாரி ஒன்று 5,000 லிட்டர் ஏற்றிச் செல்கிறது என்று கொள்வோம். அதில் திடப்பொருள் 2 சதவீதம் என்றால், அத்தனை டீசலும் அத்தனை நாற்றமும் வெறும் 100 கிலோ உலர்பொருளுக்காகத்தான். அந்த 5,000 லிட்டரிலிருந்து தண்ணீர் வடிந்து திடப்பொருளின் பங்கு 20 சதவீதமாக உயர்ந்தால், மொத்தமே 500 லிட்டராகச் சுருங்கிவிடும். மண்வெட்டியால் அள்ளலாம், குவிக்கலாம். ஆகவே கசடைக் கையாளுவதில் முதல் வேலை நீரைப் பிரிப்பது, இரண்டாவது வேலை அழுகலைத் தணித்து மட்கவைப்பது, மூன்றாவது வேலை நோய்க்கிருமிகளை ஒழிப்பது. தாவரங்களையும் மண்புழுக்களையும் கொண்டு கசடைச் சுத்திகரிக்கும் முறைகளைப் பற்றிய பேச்சில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுவதால்தான், "புழுவை விட்டால் எல்லாம் எருவாகிவிடும்" என்பது போன்ற வாக்குறுதிகள் எளிதாகப் பரவுகின்றன. எந்த உயிர் எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குமரி மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு ஏன் அவசரமானது என்பதை இங்குள்ள வீட்டு மனைகளே காட்டும். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் மாவட்டம் இது. நெருக்கத்தில் சென்னைக்கு அடுத்த இடம். ஆயினும் இந்த நெருக்கம் அடுக்குமாடிகளில் குவிந்ததன்று. விளைக்கு நடுவே ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குழி என்று மாவட்டம் முழுக்கப் பரவிக் கிடப்பது. கழிப்பறையின் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குகளுக்கான இந்தியத் தர நிர்ணயம். ஐந்து சென்ட் மனையைச் சதுரமாக எடுத்துக்கொண்டால் ஒரு பக்கம் ஏறக்குறைய 14 மீட்டர், மூலைக்கு மூலை 20 மீட்டர். அந்த மூலையில் கிணறும் எதிர்மூலையில் குழியும் இருந்தால்கூட, அடுத்த வீட்டுக்காரரின் கிணறு எந்த மூலையில் இருக்கிறது என்ற கேள்வி மிஞ்சும். பாகப்பிரிவினை நடந்து மூன்று சென்டாகிவிட்ட மனைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போதாக்குறைக்கு, நம் குழிகளில் பலவற்றுக்கு அடித்தளமே கிடையாது. உறைகளை அடுக்கி இறக்கிய வெறும் குழிகள் அவை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும்போது கிணறும் குழியும் ஒரே ஊற்றைப் பகிர்ந்துகொள்கின்றன.

லாரி எடுத்துச் செல்லும் சரக்கு எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. முறையாக இறக்குவதற்கு அருகில் ஓர் இடம் இல்லாதபோது அது ஓடையிலோ, ஆள் நடமாட்டமில்லாத ரப்பர் தோட்டத்தின் ஓரத்திலோ, ஏதேனும் ஒரு குளத்தின் மறுகாலிலோ இரவோடு இரவாகக் கொட்டப்படும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உள்ள மாவட்டத்தில் ஒன்றில் விழுவது மற்றொன்றுக்குப் போகாமல் இருக்காது. பழையாற்றில் கலப்பது கடைசியில் மணக்குடிக் காயலில்தான் சேரும். நம் குளங்களை மூடி நிற்கும் ஆகாயத்தாமரை தானாக வந்து குடியேறிய ஒரு சுத்திகரிப்பு நிலையம் என்று கேலியாகச் சொல்வதுண்டு. கேலியில் உண்மையும் இருக்கிறது. கழிவிலுள்ள தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) உறிஞ்சித்தான் அது அவ்வளவு வேகமாகப் பெருகுகிறது. ஆனால் வாரி அகற்றாவிட்டால் அது அங்கேயே அழுகி, உறிஞ்சிய அத்தனையையும் குளத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். சுசீந்திரம் தேரூர் சதுப்பு நிலத் தொகுதியும் வேம்பனூரும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபின் இந்த வேடிக்கையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தாவரங்களை வைத்துக் கசடை உலர்த்தும் பாத்தியின் அமைப்பு எளிமையானது. நீர் புகாத ஒரு தொட்டி. அடியில் பெருஞ்சல்லி, அதன்மேல் சிறுசல்லி, மேலே ஒரு சாண் மணல். சல்லிக்குள் துளையிட்ட வடிகுழாய்கள். மணலில் நாணலோ, குளக்கரைகளில் கோரைபோல் உயர்ந்து மண்டும் சம்போ நடப்படும். மேற்பரப்பிலிருந்து சுவரின் விளிம்புவரை ஒரு மீட்டருக்குக் குறையாத வெற்றிடம் விடப்படும், ஏனெனில் ஆண்டுக்கணக்கில் கசடு அடுக்கடுக்காக அதில்தான் ஏறப்போகிறது. வாரம் ஒருமுறையோ இருமுறையோ கசடை மேலே பரவவிட வேண்டும். நீர் மணலின் வழியே வடிந்துவிடும், திடப்பொருள் மேலே தங்கும். செடி இல்லாத வெறும் மணற்பாத்தியிலும் இதுவே நடக்கும் என்றாலும், இரண்டொரு முறை ஊற்றியதுமே மேலே ஏடு படிந்து மணலின் துளைகளை அடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் சுரண்டியெடுக்காமல் அடுத்த சுமையை ஊற்ற முடியாது.

செடி இருக்கும் பாத்தியில் அந்த அடைப்பு எளிதில் நேர்வதில்லை. காற்றில் தண்டுகள் ஆடும்போது ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் கசடின் ஏட்டில் வளையமாக ஓர் இடைவெளி விழுகிறது. நீர் அதன் வழியே இறங்குகிறது. மண்ணுக்கடியில் கிழங்குத் தண்டு படர்ந்து ஓடும் பாதையெல்லாம் வடிகாலாகிறது. சம்பின் தண்டை நறுக்கிப் பார்த்தால் பஞ்சுபோல் காற்றறைகள் இருப்பது தெரியும். அவற்றின் வழியே இலையிலிருந்து வேருக்கு ஆக்சிஜன் இறங்குவதால் வேரை ஒட்டிய பகுதியில் காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி, நாற்றத்தைக் குறைத்து, கரிமப்பொருளைத் தின்கின்றன. இலைகள் நாள் முழுக்க நீரை ஆவியாக்குகின்றன. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு குணம் சம்புக்கும் நாணலுக்கும் உண்டு. கசடு தண்டின் அடிப்பகுதியைப் புதைத்தாலும் அவை மடிவதில்லை. புதைந்த கணுக்களிலிருந்து புதிய வேர்களையும் தளிர்களையும் விட்டு, படிவு உயர உயரத் தாமும் மேலேறுகின்றன. அழகுக்காகக் கல்வாழையையோ மூங்கிலையோ நடலாமே என்று கேட்பவர்களுக்கு இந்தக் குணத்தைத்தான் சுட்டிக்காட்ட வேண்டும்.

நீர்த்தாவரங்கள் கழிவைத் தாங்கி வளர்வதை 1950களில் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் காத்தே சைடல் ஆராயத் தொடங்கினார். 1980களின் இறுதியிலிருந்து டென்மார்க் இம்முறையைக் கசடுக்கென்றே பெரிய அளவில் கையாண்டு வருகிறது. அங்கே ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 50 முதல் 60 கிலோ உலர்பொருள் ஏற்றி, ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை பாத்தியை வெறுமையாக்குகிறார்கள். வெப்ப நாடுகளில் இதைவிடக் கூடுதலாக ஏற்ற முடிகிறது. பாங்காக் நகரின் செப்டிக் டேங்க் கசடை வைத்து ஆசியத் தொழில்நுட்பக் கழகம் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய சோதனையில், சம்பு நட்ட பாத்திகள் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 250 கிலோவரை தாங்கின. ஆயினும் கோடையில் சம்பு வாடியதால், வடியும் நீரைச் சில நாட்கள் பாத்திக்குள்ளேயே தேக்கிவைக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் லடாக்கின் லே நகரில் 2017இல் அமைந்த, நாளுக்கு 12,000 லிட்டர் கொள்ளளவுள்ள நிலையம் தாவரப் பாத்திகளில் இயங்குவது; அதே ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் தனிக் கசடு நிலையம் கருங்குழிப் பேரூராட்சியில் தொடங்கியது.

நம் மாவட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 100 கிலோ என்ற நிதானமான அளவை எடுத்துக்கொண்டால் கணக்கு மனத்தில் நிற்கும்படி அமைகிறது: லாரிச் சுமை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டர். வாரம் ஒரு லாரி வருமானால் 52 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை சென்டுக்கும் குறைவான பாத்தி. ஒரு பேரூராட்சிக்கு நாளுக்கு இரண்டு லாரி என்று வைத்தால் 730 சதுர மீட்டர், ஏறத்தாழ 18 சென்ட்; நடைபாதை, ஓய்விலிருக்கும் பாத்திகள், வடிநீர்க் குளம் எல்லாம் சேர்த்தால் அரை ஏக்கர் ஆகும். மழை இங்கே ஒரு சிக்கல். இரு பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை என்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் பாத்தியிலும் 1,400 லிட்டர் வானத்திலிருந்து விழுகிறது. நாம் ஊற்றும் 5,000 லிட்டரில் கால் பங்குக்கும் மேல் அது. வெறும் மணற்பாத்தி இதில் தோற்றுப்போகும்; உலர்ந்தது மீண்டும் கூழாகும். வேரோடிய பாத்தி, மழைநீரைக் கீழே விட்டுவிடும். கூரை போட்டு உலர்த்துவதா, சம்பை நம்புவதா என்ற கேள்வியில் இங்கே நான் சம்பின் பக்கம்தான் நிற்பேன். கூரையின் செலவும் கடற்காற்றில் தகரம் துருப்பிடிக்கும் வேகமும் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கீழே வடிவது தூயநீர் அன்று. கலங்கல் குறைந்திருக்கும், நைட்ரேட்டும் கிருமிகளும் இருக்கும். அதை இன்னொரு சல்லிப்படுகை வழியாகவோ குளத்தின் வழியாகவோ அனுப்பாமல் ஓடையில் விட்டால், லாரிக்காரர் இரவில் செய்ததை நாம் பகலில் குழாய் போட்டுச் செய்ததாகிவிடும்.

மண்புழுவுக்கு வருவோம். அதைப் பற்றி எனக்கிருந்த தவறான நம்பிக்கையைத் திருத்தியது எங்கள் வீட்டுச் சிமெண்ட் தொட்டிதான். சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளியேறும் குழம்பைத் தொட்டியில் நிரப்பி, விலைக்கு வாங்கிய இரண்டு கிலோ புழுவை ஒரு மாலையில் அதில் விட்டேன். விடியற்காலையில் பார்த்தபோது தொட்டிக்குள் ஒன்றுமில்லை. சுவரின் உட்புறம் முழுக்க ஈரக்கோடுகள். வெளியே முற்றத்தில் கோழிகள் நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தன. புழு தோலால் மூச்சு விடுவது. ஈரம் வேண்டும், அதே சமயம் காற்றும் வேண்டும். காற்றில்லாமல் அழுகிய குழம்பில் ஆக்சிஜன் கிடையாது, அம்மோனியா உண்டு. கிலோ ஒன்றுக்கு அரை கிராம் அளவைத் தாண்டிய அம்மோனியாவும், அரை சதவீதத்துக்கு மேற்பட்ட உப்பும் புழுவைக் கொல்லும். புழு ஓடியது அதன் அறிவு. செப்டிக் டேங்க் கசடும் காற்றில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்ததுதான். அதை லாரியிலிருந்து நேராகப் புழுவுக்குக் கொடுப்பது, நான் அந்தத் தொட்டியில் செய்ததையே பெரிய அளவில் செய்வதாகும். கடலோர ஊர்களின் குழிகளில் உவர்நீர் ஊறியிருக்கலாம், மீன் பதப்படுத்தும் இடங்களிலிருந்து உப்புநீர் கலந்திருக்கலாம்; ரப்பர் பாலைக் கெட்டியாகாமல் காக்க அம்மோனியா சேர்க்கும் இடங்களின் கழிவைப் பற்றியும் இதே எச்சரிக்கைதான்.

இதனால்தான் சம்பு முன்னே வர வேண்டும் என்கிறேன். பாத்தியில் வடிந்து, காற்றுப்பட்டு, ஈரம் 70, 80 சதவீதத்துக்குக் குறைந்த கசடு புழுவுக்கு ஏற்ற உணவு. அதற்கும்கூடத் துணைப்பொருள் வேண்டும், ஏனெனில் கசடில் தழைச்சத்து மிகுதி, கரி குறைவு. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கதம்பையிலிருந்து (தேங்காய் மட்டையிலிருந்து) நாரைப் பிரித்தபின் மலையாகக் குவியும் தென்னைநார்க் கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கும் மேல் கரி இருக்கிறது. கசடில் அந்த விகிதம் பத்துக்கும் கீழே. இரண்டும் சேரும்போது 25, 30 என்ற நடுநிலைக்குக் கொண்டுவரலாம். ஆனால் தென்னைநாரின் கரி பெரும்பாலும் லிக்னின் என்ற கடினமான மரப்பொருளில் பூட்டிக் கிடப்பது, எளிதில் மட்காது. ஆகவே குலை வெட்டிய வாழைத்தண்டை நறுக்கிப் பாதிக்குப் பாதி சேர்ப்பது நல்லது. வாழைத்தண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கும், நார்க்கழிவு காற்றுக்கு இடம் விடும்.

புழுவின் வேலை தின்று கழிப்பது மட்டுமன்று. அதன் அரைவைப்பையில் மணலோடு சேர்ந்து அரைபடும் பொருளின் பரப்பு பலமடங்காகிறது, குடலின் நுண்ணுயிர்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன, குடைந்து செல்லும் வழிகள் குவியலுக்குக் காற்றோட்டம் தருகின்றன. நல்ல நிலையில் ஒரு புழு நாளொன்றுக்குத் தன் எடையில் பாதியளவு தின்னும் என்பது பொதுவான கணக்கு. சந்தையில் கிடைக்கும் சிவப்புப் புழுவான ஐசீனியா ஃபெட்டிடா 25 டிகிரிக்குக் கீழேதான் சுகமாக இருக்கும், 35ஐத் தாண்டினால் மடியும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியே வெப்ப நாடுகளில் நன்றாக வளரும். நம் மண்ணிலேயே கிடைக்கும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற இனத்தையும், ஆழத்தில் வளை தோண்டும் லாம்பிட்டோ மாரிட்டியையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பதைச் சென்னையைச் சேர்ந்த மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் நெடுங்காலமாக எடுத்துச் சொல்லிவந்தார். ஓட்டுக் கூரையோ ஓலைக் கூரையோ வேய்ந்த நிழலில், இரு பருவமழையிலும் காற்றின் ஈரம் குறையாத குமரியில், இந்த உள்ளூர் இனங்களுக்குத் தட்டுப்பாடு வராது. நாணற்பாத்திக்குள்ளேயே புழுவை விட்டு, அடைப்பைக் குறைக்க முயலும் கலப்பு முறையும் சோதிக்கப்படுகிறது; வாரந்தோறும் புதுக்கசடு வந்து விழும் மேலடுக்கில் புழு நிலைக்குமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. ஓய்விலிருக்கும் பாத்தியில் விடுவதானால் சரி.

இனி மூன்றாவது வேலை, நோய்க்கிருமி. மண்புழுவையும் மனிதக் குடலின் உருண்டைப்புழுவையும் நாக்குப்பூச்சி என்ற ஒரே பெயரில் குறிக்கும் வழக்கம் தமிழில் உண்டு. கசடுக் குவியலில் இவ்விரண்டும் நேருக்கு நேர் நிற்கின்றன. குடற்புழுவின் முட்டை தடித்த ஓட்டுக்குள் ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்புழுவின் குடலைக் கடந்த கசடில் சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் வெகுவாகக் குறைவதைப் பல சோதனைகள் காட்டின. அமெரிக்காவின் புளோரிடாவில் 2001இல் வெளியான ஆய்வு ஆறு நாட்களிலேயே பெரும் குறைவைக் கண்டது. ஆயினும் எல்லாச் சோதனைகளும் ஒரே முடிவைத் தரவில்லை, முட்டை விஷயத்தில் குறிப்பாக. முட்டையை உறுதியாக அழிப்பது வெப்பம்தான்: 55 டிகிரியில் பல நாட்கள் இருக்க வேண்டும். அந்த வெப்பத்தில் மண்புழுவும் வெந்துவிடும். ஆகவே சூடேறும் குவியலாக முதலில் மட்கவைத்து, ஆறியபின் புழுவிடுவது ஒரு வழி. நிலம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி காத்திருப்பது. 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள இடங்களில் புதிதாக எதையும் சேர்க்காமல் ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பின் 2006 வழிகாட்டி, பயிருக்குப் போகுமுன் கிராம் உலர்பொருளுக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்ற வரம்போடு. குமரியின் வெப்பநிலை இந்த வரையறைக்குள் பெரும்பாலும் பொருந்துகிறது. நிறமும் மணமும் நல்ல எருவைப்போல் ஆகிவிட்டதாலேயே பாதுகாப்பானது என்று நினைப்பதுதான் இம்முறையின் பெரிய ஆபத்து. காட்டு மண்ணின் வாசம் வீசும் எருவிலும் முட்டை இருக்கலாம்.

உலோகம் இன்னொரு கவலை. காட்மியமும் ஈயமும் மட்காது; கரிமப்பொருள் கரைந்து எடை குறையும்போது ஒரு கிலோவுக்கான உலோகத்தின் அளவு உயரத்தான் செய்யும், ஒரு பகுதி புழுவின் உடலில் ஏறும். உரக் கட்டுப்பாட்டு ஆணை மண்புழு உரத்துக்குக் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம் என்று வரம்பிடுகிறது. வீட்டுக் கசடு மட்டும் வரும்வரை இது பெரிதாகத் தடுக்காது. பணிமனைக் கழிவையும் ஏற்றிவரும் லாரியின் சுமையைத் தனியே இறக்கவைத்தால் போதும். எல்லாம் தேறிய எருவையும் தென்னைக்கும் ரப்பருக்கும், நடவுக்கு முன் வாழைக்குழிக்கும் போடலாம். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் வேண்டாம்.

இத்தனையையும் அள்ளிப் புரட்டப்போவது யார் என்பதை மறைத்துவிட்டு இயற்கைமுறை என்று பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. மனிதர் கையால் மலம் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாத்தியை வெட்டியெடுக்கும்போதும், புழுப்படுக்கையைக் கிளறும்போதும் காலணியும் கையுறையும் இல்லாமல், அதே சில குடும்பத்தினரே இறக்கப்படுவார்களானால், பாத்தியில் சம்பு இருந்து என்ன பயன்? ஓராண்டு ஓய்வு என்பது எருவைப் பயன்படுத்துபவருக்கு முன்பாக, அதை முதலில் தொடுபவருக்காக வேண்டியது.

இடம் எங்கே என்பதில் லாரிக்காரரின் கணக்கே முடிவு சொல்லும். அவருக்கு நடை ஒன்றுக்குக் கிடைப்பதில் டீசல் போக மிஞ்சுவது கொஞ்சம். மலையோரத்திலிருந்து கடலோரம்வரை ஓடச் சொன்னால் ஓடையே அருகில் என்று போய்விடுவார். மாவட்டத்துக்கு ஒரே பெரிய நிலையம் என்பதைவிட, பேரூராட்சிகள் நான்கைந்துக்குச் சேர்த்து அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று சிதறி அமைவதே இங்கே பொருந்தும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் வயல்வெளியை விட்டுவிட்டு, சரளை மேட்டில் தேட வேண்டும். தமிழ்நாட்டின் 2014 வழிகாட்டியைப் பின்பற்றி மூன்றாண்டுக்கு ஒருமுறை குழியைத் தூர்வாரும் வழக்கம் வந்தால் லாரிகளின் எண்ணிக்கை பெருகும்; பாத்தியை அதற்குப் பிறகு கட்ட முனைந்தால் காலம் கடந்திருக்கும். சம்பின் கிழங்கை வேறெங்கிருந்தும் கொண்டுவர வேண்டியதில்லை. தேரூர்ப் பக்கத்துக் குளக்கரைகளில் வேண்டாமல் மண்டி நிற்பதை வெட்டியெடுத்தால் குளத்துக்கும் நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் சதுர மீட்டருக்கு நான்கைந்தாக நட்டு, முதல் மூன்று மாதம் நீர்த்த கசடைச் சிறிதாகக் கொடுத்துப் பழக்கி, வைகாசி பிறப்பதற்குள் வேர் சல்லியைத் தொட்டுவிட்டால், அந்த ஆண்டின் இடவப்பாதியில் லாரிக்காரர் கொண்டுவரும் முதல் முழுச் சுமையை அது தாங்கும்.